பதின்மூன்று சின்னத் தட்டுகள்: வருவதற்கு முன் நீங்கள் கேட்கும் கேள்விகள்

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், தென்கடல் பக்கமாக ஒரு தென்னந்தோப்புக்குள், பதினாறு பேர் உட்காரும் சாப்பாட்டு அறை ஒன்றை நடத்துகிறேன். வெள்ளி, சனி, ஞாயிறு இரவு மட்டும். மெனு கார்டு கிடையாது, நாங்கள் வைப்பதைத்தான் சாப்பிட வேண்டும். பதின்மூன்று ஐட்டம், பெரும்பாலும் இரண்டிரண்டு வாய். அதில் பாதி, கண்ணுக்கு ஒன்றாகவும் நாக்குக்கு வேறொன்றாகவும் இருக்கும். இதைச் சொன்னதும் போனில் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். போன் எடுக்கும் தம்பிக்கும் கொஞ்சம் ஓய்வு.

முதலில், வயிறு நிறையுமா?

நிறையும். எல்லோரும் கேட்பது இதைத்தான். கேட்க வெட்கப்படுபவர்கள் "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று தொடங்கி இங்கேதான் வந்து நிற்பார்கள்.

ஆரம்பத்தில் நிறையவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். திறந்த புதிதில் பரமக்குடியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் ஆறாவது தட்டை முடித்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு, "தம்பி, இதெல்லாம் சரி, சாப்பாடு எப்ப போடுவீங்க?" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அடுத்த வாரமே ஒன்பதாவது ஐட்டமாகச் சோறு வந்தது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். இரண்டரை மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். பசியோடு வாருங்கள், வழியில் பரோட்டாவைத் தின்றுவிட்டு வந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

டேஸ்டிங் மெனு என்கிறார்களே, அதுதானா இது?

அதேதான். பெயர் புதிது, பழக்கம் நமக்குப் பழையது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் "என்ன வேணும்?" என்று யாராவது கேட்கிறார்களா? சமையல்காரர் நினைத்தது இலைக்கு வரும். ஒரே வித்தியாசம், இலையில் எல்லாம் ஒன்றாக இருக்கும், இங்கே ஒன்று முடிந்தபின் ஒன்று. அதனால் எதற்குப் பின் எது என்பதில் நாங்கள் கொஞ்சம் விளையாட முடிகிறது.

அப்படி என்னதான் கொடுப்பீர்கள்?

முழுவதையும் சொன்னால் வந்து பார்க்கும் சுவை போய்விடும். சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் கோலி சோடா பாட்டில் வரும். உள்ளே இருப்பது பச்சைத் தண்ணீர் மாதிரி தெரியும். கோலியைத் தட்டிக் குடித்தால் புளி, பச்சைமிளகாய், சின்ன வெங்காயம். கீழக்கரை வீடுகளில் வைக்கும் புளியாணம்தான், கலங்கல் நீக்கிக் காஸ் ஏற்றியது. புளிக்கரைசலில், ஜெல்லியாக்கும் அகர் பவுடரைக் கொஞ்சம் கலந்து உறைய வைத்து, அதை மெதுவாக உடைத்துத் துணியில் வடிகட்டினால் கலங்கல் எல்லாம் துணியில் தங்கித் தெளிந்த நீர் மட்டும் இறங்கும். அவசரப்பட்டுத் துணியைப் பிழிந்தால் மறுபடி கலங்கிவிடும், ராத்திரி முழுக்கத் தானாகச் சொட்ட விட வேண்டும். குடிப்பதற்கு ஐந்து நொடி.

அப்புறம் 'இரண்டு கடல்' தட்டு. எங்கள் பக்கம் தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் சொல்வது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தட்டின் நடுவே ஒரு மணல் திட்டு. அந்த மணல், மாசித் தூளும் (காய்ந்த சூரை மீன்) வறுத்த ரவையும் கொப்பரைத் துருவலும். ஒருபுறம் வடகடல் நீலக்கால் நண்டு, தேங்காய்ப்பால் சொதி நுரையோடு அமைதியாக. மறுபுறம் தென்கடல் கணவாய், மிளகு தூக்கலாக. மணலைத் தின்னச் சொன்னால் குழந்தைகள் உடனே தின்கிறார்கள், பெரியவர்கள் முதலில் மோந்து பார்க்கிறார்கள்.

இங்கிலாந்தில் பிரே என்ற ஊரில் ஹெஸ்டன் புளூமெந்தாலின் 'ஃபேட் டக்' உணவகத்தில் இப்படி ஒரு கடற்கரைத் தட்டு உண்டு. அங்கே சங்குக்குள் ஐபாட் வைத்து, அலைச் சத்தத்தைக் காதில் கேட்டுக்கொண்டே சாப்பிடச் சொல்வார்கள். காதுக்கு அலை கேட்டால் மீன் கூடுதல் ருசியாகத் தெரிகிறது என்பது கணக்கு. அந்த விஷயத்தில் எங்களுக்குச் செலவு மிச்சம், ஜன்னலைத் திறந்துவிடுகிறோம்.

நண்டு ரசத்தை ஐஸாக்கியும் ஒன்று தருகிறோம். இதை "நண்டு ஐஸ்கிரீம்" என்று சொல்லி வைத்த நாளில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். "உறைஞ்ச நண்டு ரசம்" என்று சொல்லி வைத்தோம், இன்னொரு கரண்டி கேட்டார்கள். கிண்ணமும் அதே, பண்டமும் அதே. இதே நண்டு ஐஸில் இதே அனுபவம் புளூமெந்தாலுக்கும் உண்டு. ஐஸ்கிரீம் என்ற பெயரைக் கேட்டதும் நாக்கு இனிப்புக்குத் தயாராகிவிடுகிறது, உப்பு வந்தால் ஏமாந்ததாக நினைக்கிறது.

கிண்ணம் நிறைய முண்டு மிளகாய் ஒரு கட்டத்தில் வரும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ராமநாதபுரம் முண்டு, குண்டாக, செக்கச்செவேல் என்று. கடித்தால் தொதல், தேங்காய்ப்பாலில் கிண்டும் நம் ஊர் இனிப்பு. மேல்தோல் மட்டும் அகரில் செய்தது. முதல் மாதம் பதினாறில் ஒன்றை நிஜ மிளகாயாக வைத்தோம். அது யாருக்குப் போகக் கூடாதோ அவருக்கே போனது. மூன்று டம்ளர் மோர், கண்ணெல்லாம் தண்ணீர். அதோடு அதை எடுத்துவிட்டோம். உண்மையைச் சொன்னால், எடுத்தபின் அந்தத் தட்டின் சுவாரசியம் கொஞ்சம் குறைந்துதான் போனது.

பவுடர், கெமிக்கல் எல்லாம் போடுகிறீர்களாமே?

போடுகிறோம். இந்தக் கேள்வியைக் கேட்பவர் பாம்பன்காரராகவோ மண்டபத்துக்காரராகவோ இருந்தால் எனக்குச் சிரிப்பு வரும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்த வகைச் சமையலில் உலகம் முழுக்க அதிகம் புழங்கும் பவுடர்களில் மூன்று: அகர், ஆல்ஜினேட், கராஜீனன். மூன்றும் கடல்பாசியிலிருந்து எடுப்பவை. அகர், மரிக்கொழுந்துப் பாசியிலும் கஞ்சிப் பாசியிலும் இருக்கிறது. ஆல்ஜினேட், கட்டக்கோரையிலும் பக்கோடாப் பாசியிலும். கராஜீனன், மூங்கில் தெப்பம் கட்டி வளர்க்கிறார்களே, ஊரில் 'பெப்சி பாசி' என்று சொல்லும் அதில். அந்தக் கம்பெனி முன்னின்று வளர்க்கச் சொன்னதால் வந்த பெயர் அது, பாசிக்கும் குளிர்பானத்துக்கும் வேறு உறவில்லை.

எங்கள் அம்மா பாம்பனில் பாசி எடுக்கப் போனவர். கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பை கட்டி, மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையில் கை விட்டுப் பறிக்க வேண்டும். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதத்தில் பன்னிரண்டு நாளுக்கு மேல் போவதில்லை என்று பெண்களே பேசி வைத்த கட்டுப்பாடு உண்டு. காயவைத்த பாசியை ஏவாரி மூட்டைக் கணக்கில் தூக்கிப் போவார். அது எங்கே போகிறது என்று எனக்குச் சின்ன வயதில் தெரியாது. வெளியூர் ஹோட்டல் ஒன்றில் வேலை பார்த்தபோது, அரைக்கிலோ வெள்ளை டப்பா ஒன்றை செஃப் பூட்டிய அலமாரியிலிருந்து எடுத்து, நகைக்கடைத் தராசில் கிராம் கிராமாக நிறுத்தார். டப்பாவில் சோடியம் ஆல்ஜினேட் என்று எழுதியிருந்தது. எதிலிருந்து வருகிறது என்று படித்துப் பார்த்தேன். கட்டக்கோரை! நாங்கள் காலால் தள்ளிவிட்டு நடந்த சாமான்.

வேலை செய்யும் விதம் எளிது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து கிராம் ஆல்ஜினேட் கரைத்தால் போதும். கால்சியம் கலந்த ஏதாவது அதில் பட்டால் பட்ட இடத்தில் மெல்லிய தோல் கட்டும். உள்ளே திரவம், வெளியே தோல். ஸ்பெயினில் 'எல் புல்லி' உணவகத்தில் ஃபெரான் அட்ரியா இந்த வழியில் செய்த ஆலிவ் உருண்டையை உலகமே போய்ப் பார்த்தது. எனக்கோ முதல் பார்வையில் நுங்குதான் நினைவுக்கு வந்தது. மெல்லிய தோல், உள்ளே தண்ணீர், அழுத்தினால் பீச்சியடிக்கும்.

அதனால் நுங்கு செய்யப் பார்த்தோம். பதநீரில் நேராக ஆல்ஜினேட்டைக் கலந்தேன். கட்டி கட்டியாகத் திரிந்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் உறைத்தது: பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள், சுண்ணாம்பு என்றால் கால்சியம்! அப்புறம் தலைகீழாகச் செய்தோம். இளநீரில் பனங்கற்கண்டும் துளி கால்சியம் லாக்டேட்டும் சேர்த்து, அச்சில் ஊற்றி உறையவைத்து, அந்தக் கட்டியை ஆல்ஜினேட் தண்ணீரில் போட்டு எடுக்கிறோம். இப்போது நுங்கு மாதிரியே இருக்கிறது.

அகரைப் பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டாம். நோன்பு மாதத்தில் கடல்பாசி காய்ச்சாத வீடு கீழக்கரையில் உண்டா? ஜெலட்டினை வாயில் வைத்தால் உருகிவிடும், அகர் உருக எண்பத்தைந்து டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதனால்தான் சுடச்சுட ஜெல்லி கொடுக்க முடிகிறது.

புகை வரும் ஐட்டம் உண்டா? பயமாக இருக்கிறது.

திரவ நைட்ரஜன் நாங்கள் வைத்துக்கொள்வதே இல்லை. அது மைனஸ் 196 டிகிரி. முழுக்க ஆவியாகிப் போனபின் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, மிச்சம் இருக்கும்போது விழுங்கினால் குடலையே கிழித்துவிடும். 2024-ல் பக்கத்து மாநிலத்தில் இந்த நைட்ரஜன் ஊற்றிய ஸ்மோக் பிஸ்கட் தின்ற சிறுவன் துடித்த வீடியோ வந்ததே, அதன்பின் தமிழ்நாட்டிலும் உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரிக்கை விட்டது. பொருட்காட்சியில் குழந்தைக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள் என்பது என் சொந்த வேண்டுகோள்.

எங்கள் புகை தேங்காய்ச் சிரட்டைப் புகை. கண்ணாடி மூடிக்குள் சூடை மீனோடு அடைத்து வைப்போம், திறந்தால் முகத்துக்கு வரும். அவ்வளவுதான்.

இதெல்லாம் வெள்ளைக்காரனைப் பார்த்துக் காப்பி அடிப்பதுதானே?

கொஞ்சம் அடித்திருக்கிறேன், மறுக்கவில்லை. அட்ரியாவும் புளூமெந்தாலும் இல்லாவிட்டால் இந்த அறை இல்லை. பாங்காக்கில் கடை வைத்த கொல்கத்தாக்காரர் ககன் ஆனந்த், மெனுவை வெறும் எமோஜிகளால் எழுதியும் தட்டை நக்கச் சொல்லியும் பெயர் வாங்கினார். சென்னை 'ஆவர்த்தனா' உணவகத்தில் ரசம் மார்ட்டினி கோப்பையில் வருகிறது. எல்லாவற்றிலிருந்தும் எடுத்திருக்கிறேன்.

ஆனால் சாப்பாட்டில் விளையாடுவதை அவர்களிடம்தான் கற்றோம் என்றால் ஏற்க மாட்டேன். கம்பில் ஒரு பொம்மை, பொம்மை கைதட்ட, கீழே வண்ண வண்ணமாக ஜவ்வு மிட்டாய். மிட்டாய்க்காரர் அதை இழுத்து மயில் செய்வார், கைக்கு வாட்ச் கட்டிவிடுவார், மிச்சத்தைக் கன்னத்தில் ஒட்டிவிட்டுப் போவார். சிகாகோவின் 'அலினியா' உணவகத்தில் இனிப்பை மேசைமேலேயே ஓவியம் மாதிரி வரைகிறார்கள் என்று கேட்டபோது எனக்கு ஏர்வாடிச் சந்தனக்கூட்டில் வாட்ச் கட்டிக்கொண்ட ஞாபகம்தான் வந்தது. எங்கள் பதின்மூன்றாவது ஐட்டம் அதுதான். எல்லோர் கையிலும் ஜவ்வு மிட்டாய் வாட்ச் கட்டுவோம். முள் நீங்கள் உள்ளே நுழைந்த நேரத்தைக் காட்டும். மீசை வைத்த ஆட்கள் முதலில் "எனக்கு வேணாம்ப்பா" என்பார்கள், பக்கத்தில் இருப்பவருக்குக் கட்டி முடிப்பதற்குள் கையை நீட்டியிருப்பார்கள்.

தெரியாதவர்களோடு ஒரே தட்டில் சாப்பிடச் சொல்வீர்களாமே?

ஆமாம், ஒன்பதாவது ஐட்டம். கீழக்கரைக் கல்யாணங்களில் சஹன் என்று ஒரு பெரிய தட்டைச் சுற்றி மூன்று நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்களே, அதே முறை. நெய்ச்சோறு, நடுவில் கறி, ஓரத்தில் கத்தரிக்காய். இதில் எந்த வித்தையும் இல்லை, சோறு சோறாகவே இருக்கும். ஆனாலும் பதின்மூன்றில் ஆளைத் திணற வைப்பது இதுதான். நண்டு ஐஸை வாய் திறந்து வாங்கியவர்கள் இங்கே தயங்குகிறார்கள்.

கட்டாயம் இல்லை. முன்பே சொன்னால் தனித் தட்டு வைப்போம், காரணம் கேட்க மாட்டோம். சளி, காய்ச்சல் இருந்தால் நீங்களே தனித் தட்டு கேளுங்கள். ஆனால் உட்கார்ந்து பாருங்கள் என்றுதான் சொல்வேன். போன மாதம் ஒரே சஹனில் உட்கார்ந்த இரண்டு குடும்பம் அடுத்த நாள் ஒரே வேனில் தனுஷ்கோடி போனார்கள்.

எந்த நாளில் வந்தால் மீன் நன்றாக இருக்கும்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் நாட்டுப்படகும் கரைவலையும் கொண்டுவருவதுதான். மீன் குறைவு, ஆனால் அன்றன்றைக்கு வருவது. அதனால் தடைக்காலத்தில் வாருங்கள் என்று நான் சொன்னால் ஜனங்கள் நம்புவதில்லை. வாடை வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடலை நம்பியிருப்போம். கச்சான் காற்று வீசும் காலத்தில் நேர்மாறு. இரண்டு பக்கமும் கடல் இருப்பதில் இது ஒரு வசதி. புயல் கூண்டு ஏற்றினால் கருவாடு. கருவாட்டு நாளுக்காகவே காத்திருந்து வருபவர்களும் உண்டு.

கடல் அட்டை, ஆமைக்கறி கிடைக்குமா? "எக்ஸ்பெரிமென்டல்" என்கிறீர்களே.

கிடைக்காது. கடல் அட்டை பிடிக்க 2001-லிருந்து தடை, ஆமைக்கு அதற்கு முன்பே. இங்கிருக்கும் 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. அலங்காரத்துக்குக்கூட பவளப்பாறைத் துண்டு வைப்பதில்லை. சோதனை எல்லாம் சமையலறைக்குள்தான்.

சைவம்? ஹலால்? அலர்ஜி?

சைவப் பட்டியல் தனியாக உண்டு, இரண்டு நாள் முன்பு சொல்ல வேண்டும். சஹனும் தனி. கறி எல்லாம் ஹலால். ஜெலட்டின் எங்கள் சமையலறைக்குள் வருவதே இல்லை, எல்லாம் பாசி. மது கிடையாது, கொண்டுவரவும் வேண்டாம்.

நண்டு, இறால், கணவாய் யாருக்காவது சேராது என்றால் தயவுசெய்து போன் செய்யும்போதே சொல்லுங்கள். மணல் மாதிரி தெரிவதில் மாசி இருக்கிறது, மிளகாய் மாதிரி தெரிவதில் தேங்காய்ப்பால் இருக்கிறது. கண்ணால் பார்த்து ஒதுக்கும் வழி இங்கே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் விளையாடுவதில்லை, கேட்டால் ஒவ்வொரு தட்டிலும் என்ன இருக்கிறது என்று எழுதியே தருவோம்.

கையால் சாப்பிடலாமா?

கரண்டி கேட்டால்தான் தருவோம்.

குழந்தைகளைக் கூட்டி வரலாமா?

எட்டு வயதுக்கு மேல் என்றால் நிம்மதி. அவர்கள்தான் எங்கள் நல்ல விருந்தாளிகள். இரண்டரை மணி நேரம் உட்கார வைப்பது உங்கள் பொறுப்பு.

கொஞ்சம் லேட்டாக வந்தால்?

பந்திக்கு முந்து என்றார்கள். இங்கே முந்தவும் வேண்டாம், பிந்தவும் வேண்டாம், ஏழரைக்கு வாருங்கள். பதினாறு பேருக்கும் ஒரே நேரத்தில் தட்டு போகும். உறைந்த நண்டு ரசம் உங்களுக்காகக் காத்திருக்காது. கார் பாம்பன் பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டால் போன் செய்யுங்கள், முதல் இரண்டு ஐட்டத்தைக் கடைசியில் தருவோம்.

இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாயா?

ஆமாம், ஒரு ஆளுக்கு, வரி சேர்த்து. அந்தக் காசுக்கு ராமநாதபுரத்தில் ஒரு குடும்பமே இரண்டு முறை பிரியாணி சாப்பிடலாம் என்று எனக்கும் தெரியும். பதினாறு பேருக்குச் சமைக்க ஏழு பேர் இருக்கிறோம், தெளிந்த புளியாணத்துக்கு மட்டும் ஒரு ராத்திரி போகிறது. பாசியை ஏவாரி விலையில் வாங்காமல் எடுக்கும் பெண்களிடமே நேராக, கூடுதலாகக் கொடுத்து வாங்குகிறோம். அகர் நாங்களே காய்ச்சிக்கொள்கிறோம், ஆல்ஜினேட் மட்டும் இன்னும் டப்பாவில்தான் வருகிறது. அது கொஞ்சம் வருத்தம்.

பில் மொய்க் கவரில் வரும், ஒரு ரூபாய் நாணயம் ஒட்டி. பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கும், பெயரும் ஊரும் எழுதி, எந்த ஐட்டம் பிடிக்கவில்லை என்றும் எழுதுங்கள். டிப்ஸ் வேண்டாம்.

பிடிக்காத ஐட்டத்தை மிச்சம் வைத்தால் கோபிப்பீர்களா?

மாட்டேன். மூன்று பேர் தொடர்ந்து மிச்சம் வைத்தால் அந்த ஐட்டம் போய்விடும். கருவாட்டுப் பஞ்சு மிட்டாய் அப்படித்தான் போனது. எனக்கு ரொம்பப் பிடித்த ஐட்டம் அது.

உங்கள் வீட்டில் இதையெல்லாம் சாப்பிட்டுப் பார்த்தார்களா?

அம்மா ஒரு முறை வந்தார். சித்திரை மாதம், நல்ல வெயில். புளியாணத்தைக் குடித்துவிட்டுச் சிரித்தார். மணலைத் தின்றார். நுங்கு வந்தது. விரலால் அழுத்திப் பார்த்தார், உறிஞ்சினார், ஒன்றும் சொல்லவில்லை. இது கட்டக்கோரைப் பவுடரில் செய்ததும்மா, நீங்க எடுத்த பாசிதான் என்றேன். "அப்படியா" என்று கையைத் திருப்பி விரல் நுனியைப் பார்த்துக்கொண்டார். அப்புறம் கேட்டார்: "நல்லாத்தான்டா இருக்கு. வாசல்ல மரத்துல நிஜ நுங்கே தொங்குதே, இத எதுக்குப் போட்டு இம்புட்டுப் பாடுபட்டுக்கிட்டு?"

அதனால் சித்திரை, வைகாசியில் வருபவர்களுக்கு வெட்டிய நுங்கு. மற்ற மாதங்களில் செய்த நுங்கு.